மஞ்சள் கல்லின் இந்தப் பக்கம்

ஒஸ்லோவில் குறொன்லாண்ட் பகுதிக் கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தபோது, ரெஜினா அக்கா குடியிருந்த ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து தொலைபேசி வந்தது. அக்கா மருத்துவமனையில் கண்மூடிவிட்டார். "ஜூட்டுக்கு ஆர் சொல்லுறது?" என்று அழுதாள் அவருடன் குடியிருந்த தோழி. சுவீடனிலிருக்கும் அக்காவின் தம்பி ஜூட்டுக்கு நான்தான் சொன்னேன்.

அடக்க நாளில் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "எல்லைகளைக் கடந்து வாழ்ந்தவர்" என்று புகழ்ந்தார். அந்த மண்டபத்தில் இருந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அது பொய். அக்கா கடக்கவில்லை, அவரைக் கடக்க விடவுமில்லை.

மன்னாரில் புவியியல் படிப்பித்தவர் அவர். ஒரே வீட்டிலிருந்து, ஒரே காரணத்துக்காக ஓடிவந்த அக்காவும் தம்பியும் வழியில் பிரிந்து, அக்கா இங்கேயும் தம்பி சுவீடனிலும் அகதி விண்ணப்பம் கொடுத்தார்கள். இரண்டுமே முடியாமல் ஆண்டுக்கணக்காக இழுபட்டன. முடியும்வரை இருவரும் நாட்டைவிட்டு வெளியேறக்கூடாது.

அதனால் அவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டாயிற்று. ஞாயிறு பூசை முடிந்ததும் நான் அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு கிழக்கே போவேன். சுவீடனைத் தொடும் எல்லையோர மாகாணங்களைத் தெற்கிலிருந்து வடக்காக ஒப்புவித்துக்கொண்டே வருவார். "ஒஸ்லோவுக்கு எல்லையே இல்லை, பாத்தீரோ. அதுதான் இஞ்சை இருக்கிறவைக்கு ஒண்டும் விளங்கிறேல்லை" என்பார்.

எங்கள் பக்கத்து ஹெட்மார்க் முடிந்து சுவீடனின் வார்ம்லாந்து தொடங்கும் இடத்தில், காட்டை வெட்டி நீளமாக ஒரு வெளி விட்டிருக்கிறார்கள். நடுவில் மஞ்சள் பூசிய எல்லைக்கல். வேலியோ காவலோ இல்லை. அந்தப் பக்கம் ஜூட், இந்தப் பக்கம் அக்கா, கல்லின்மேல் சோற்றுச் சட்டி.

"என்னடா வார்ம்லாந்தான், உங்கடை ராசா உனக்குச் சாப்பாடு போடுறேல்லையோ?"

"ஹெட்மார்க்காரிக்கு வாய்க்கு மட்டும் ஒரு குறையுமில்லை. குழம்பிலைதான் உப்பில்லை."

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஒருத்தரும் பாக்கேல்லை அக்கா. ஒரு அடி வையுங்கோவன். அவன் இருக்கிற அறையையாவது பாத்திட்டு வருவம்."

அக்கா கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்: "அகதி விண்ணப்பத்திலை நான் சொன்னதெல்லாம் பொய்யெண்டு எழுதினவங்கள். ஒருக்காக் களவாத் தாண்டினா அதை நானே உண்மையாக்கினமாதிரி. நான் உண்மைக்காரி எண்டதுக்கு என்னட்டை இருக்கிற சாட்சி இந்த ஒரு அடிதான்."

அந்த ஒரு அடிக்கு இரண்டு அரசுகளும் என்ன மரியாதை கொடுத்தன? அடக்கத்துக்கு வர ஜூட் அனுமதி கேட்டபோது, இறந்தவர் கூடப்பிறந்தவர்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். பெட்டி மூடப்பட்ட நேரம், இரண்டு மணித்தியாலப் பயணத் தூரத்தில் அவன் தனியே இருந்தான். சட்டத்தை இவ்வளவு சுத்தமாக மதித்த ஒருத்தியை ஒருநாள்கூட நம்பாமலே அனுப்பிவைத்தார்கள். நாமோ ஒலிவாங்கியில் கவிதை பேசினோம்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிய, சோறு கட்டிக்கொண்டு தனியே போனேன். ஜூட் தன் இடத்தில் நின்றான்.

"உங்களிட்டைப் பாஸ்போட் இருக்குத்தானே, இஞ்சாலை வாங்கோ. அங்கை இனி ஆர் இருக்கினம்?"

பாஸ்போட் சட்டைப்பைக்குள்தான் இருந்தது. நான் போகவில்லை. சட்டியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, அக்கா வழக்கமாக இருக்கிற புல்லில் உட்கார்ந்தேன். அவன் மறுபக்கம் உட்கார்ந்து சாப்பிட்டான். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ரெஜினா அக்காவினுடையதாக என்னிடம் இருப்பது அந்த இடம்தான். ஜூட்டின் விண்ணப்பத்துக்கு ஒரு முடிவு வரும்வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லின் இந்தப் பக்கம் வெறுமையாக இராது.