மூத்தவள் வைத்த சாமந்தி

இரண்டாம் தாரமாக நான் திண்டிவனத்துக்கு வந்தபோது கிணற்றடியில் மஞ்சள் சாமந்தி பூத்திருந்தது. "செத்துப்போன மூத்தவ வச்சதும்மா. அந்தப் பொண்ணு எப்பவும் அதையே பாத்துக்கினு ஒக்காந்திருக்கும்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அன்றிலிருந்து கிணற்றடிக்குப் போனாலே முதுகுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்திருப்பது போலிருந்தது. ஒரு பூவைக்கூட நான் தலையில் வைக்கவில்லை.

ஒருநாள் ஆத்திரத்தில் செடியைப் பிடுங்கி எறிந்தேன். கணவர் ஒன்றும் கேட்கவில்லை. துக்கத்தை உள்ளுக்குள்ளேயே வைத்திருக்கிறார் என்று அதற்கும் எரிந்தேன். ஐப்பசி மழையில், மண்ணில் தங்கிவிட்ட வேரிலிருந்து பக்கக்கன்றுகள் கிளம்பின. மறுபடி பிடுங்கப் பயமாக இருந்தது. தண்ணீர் ஊற்றினேன். பூத்து முடிந்ததும், அவளும் இப்படித்தான் செய்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே தண்டுகளை ஒட்ட நறுக்கினேன்.

எண்பதுகளின் நடுவில் அவருக்கு விழுப்புரத்துக்கு மாற்றலானது. ஒரு கன்றை ஈரச்சாக்கில் சுற்றி, அவருக்குத் தெரியாமல் எடுத்துப் போனேன். மார்கழியில் அது பூத்த காலையில் பல் துலக்கிக்கொண்டே கேட்டார்: "நல்லாருக்கே! ஏது இந்தச் செடி, நீ வச்சதா?"

திண்டிவனத்தில் அதைத் தாண்டித்தான் தினமும் குளிக்கப் போனார்.

அவளுக்காக நான் முதன்முதலில் அழுதது அன்றுதான்.