மாதாவுக்கு நான் சுற்றிய வெள்ளைத் துணி

சில வருடங்களுக்கு முன்பு, மட்டக்களப்பிலிருந்து கல்முனைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றலாகி, சாய்ந்தமருதில் ஒரு முஸ்லிம் வீட்டின் பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டில் இருவர்தான். ஒருவர் வீட்டுக்கார அம்மா. அக்காவை அங்கே அழைப்பதுபோல் அவரை ‘ராத்தா’ என்பேன். மற்றவர் எட்டு மாதக் கர்ப்பிணியான அவர் மகள். மருமகன் கட்டார் நாட்டில் வேலை. நானோ சரியான வாயாடி. வந்த வாரத்திலேயே அவர்கள் சமைக்கும் குசினிவரை போய்விட்டேன். என் அறைக்குள்தான் அவர்கள் வந்ததில்லை.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எல்லாம் மாறியது. பின்னேரம் நான் வந்தால் அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் என் வாசலில் சாம்பிராணிப் புகை. கதவுக்கு வெளியே யாரோ மெல்ல ஓதும் சத்தம், திறந்தால் ஆளில்லை. நிலைப்படி மட்டும் ஈரமாயிருந்தது. அறைக்குள் நான் தனியாக இல்லையோ என்று எனக்கே தோன்றத் தொடங்கியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயந்துதான் போனேன்.

மூன்றாம் நாள் பொழுதுபடும் நேரம் ராத்தா வந்தார். உள்ளே கால் வைக்கவில்லை.

“டீச்சர், வேற வீடு பாருங்க. புள்ள ரெண்டு நாளாச் சோறு திங்கல்ல. வயித்துப் புள்ளைக்கு என்னமும் ஆகிரும்.”

“நான் என்ன செஞ்சன் ராத்தா?”

“உங்கட அறைக்குள்ள மையத்து ஒண்டு நிக்குதாம். யன்னலால கண்டிருக்கா. நானும் சாம்பிராணி போட்டு, ஓதித் தண்ணி தெளிச்சுப் பாத்துட்டன்.”

மையத்து என்றால் பிணம். திரும்பிப் பார்த்தேன். மேசைமேல் என் மாதா சுரூபம், மரியாளின் சிலை. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தின் முடிவில் சுரூபங்களை மூடிவைப்பது எங்கள் வழக்கம். ஊதாத் துணி கிடைக்காததால் வெள்ளைத் துணியைச் சுற்றி, கடல்காற்றுக்குப் பறக்காதபடி தலையிலும் இடுப்பிலும் காலிலும் கட்டியிருந்தேன். முஸ்லிம்கள் இறந்தவருக்குக் கபன் துணி சுற்றிக் கட்டுவதும் அப்படித்தான். அந்த மங்கலில் துணி உப்பித் தணிந்தது, உள்ளே யாரோ மூச்சு விடுவதுபோல.

என் வாய் சும்மா இருக்குமா? உங்களுக்கு நோன்பு மாதிரி எங்களுக்குத் தவக்காலம், கண்ணும் நோன்பிருக்கத்தான் சுரூபத்தை மறைக்கிறோம் என்று, வகுப்பில் சொல்வதுபோல் பொறுமையாக விளக்கினேன். ராத்தா தலையாட்டினார். முற்றத்தில் நின்ற மகள்தான் கிட்ட வரவில்லை.

“அப்ப உள்ளுக்க ஆரு?” என்றாள்.

“மர்யம். ஈசா நபிட உம்மா” என்றேன், மரியாளையும் இயேசுவையும் அவர்கள் சொல்லும் பெயரில்.

“அவக்கு ஏன் டீச்சர் கபன் போட்டீங்க?”

ஈஸ்டர்வரை துணியை எடுக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே பழகியவள் நான். ஆனாலும் அவளுடைய வயிற்றைப் பார்த்தபின் மனம் கேட்கவில்லை. காலிலிருந்து அவிழ்க்கத் தொடங்கினேன். தலைக்கட்டுக்கு வந்தபோது, வேறு யாருடைய முகமோ வெளிவரப்போகிறது என்று ஒரு கணம் நானும் நம்பிவிட்டேன். துணி விழுந்தது. பழகிய முகம்தான்.

அவள் சுரூபத்தைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த துணியைத்தான் பார்த்தாள்.

“உம்மா, மையத்து இல்ல. வெறும் புடவத் துணிதான்” என்று தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்று கொஞ்சம் சோறு தின்றாள். வீடு மாறும் கதையை ராத்தா பிறகு எடுக்கவேயில்லை.

ஈஸ்டர் காலையில் இயேசுவின் கல்லறைக்குள் எட்டிப் பார்த்தவர்கள் வெறும் துணியை மட்டும் கண்டார்கள் என்ற வாசகத்தைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வந்தவள் நான். அவர்களுக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்பதை, என் வேதத்தைப் படிக்காத அந்தப் பிள்ளையின் அழுகையில்தான் கண்டேன்.