பட்டியலில் நான்காவது வரி

காதில் பூ சுற்றுகிறேன் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

மருத்துவமனையில் நான் கம்ப்யூட்டர் ஆள். தலை ஸ்கேனைப் பார்த்து, ரத்தக் குழாயில் வீக்கம் இருக்கிறதா என்று சொல்லும் மூன்று கம்பெனிகளின் புரோகிராம்களுக்குப் பரீட்சை வைக்கச் சொன்னார்கள். நோயாளிகளின் படங்கள் கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது. அதனால் பரீட்சைத் தளத்தையே பகுதி பகுதியாக எங்கள் அடித்தள அறையில் நிறுவினேன். படங்களுக்கு ஒரு சர்வர், புரோகிராமை ஓட்ட ஒன்று, மதிப்பெண் போட ஒன்று, மதிப்பெண் பட்டியல் காட்ட ஒன்று. வெளி இணைப்பே கிடையாது. முந்தின வாரம் எடுத்த இருநூறு ஸ்கேன்கள். பெயரை நீக்கி வெறும் எண். சரியான விடைகளை எழுதித் தந்தவர் ஸ்கேன் டாக்டரம்மா.

திங்கள், மதியம் 3:17. பட்டியலில் நான்காவதாக ஒரு வரி. பெயர் இல்லை. இருநூறுக்கு 199.

கம்பெனிக்காரர்கள் யாரும் 180-ஐத் தாண்டவில்லை. தவறியது எது என்று பார்த்தேன். எண் 41. டாக்டரம்மா வீக்கம் இல்லை என்று எழுதியிருந்தார். இது, இருக்கிறது என்றது. இது சொல்வது சரியென்றால், ஓர் உயிரை ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்...

மேலே போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"நான் பாத்ததுதான் தம்பி. ஒண்ணும் இல்ல. மொதல்ல உங்க மெஷினச் சரி பண்ணுங்க."

விடையைத் திருத்த நான் யார்? வரியை அழித்தேன்.

செவ்வாய், 3:17. அதே வரி. புரோகிராமை ஓட்டும் சர்வரின் கரன்ட் வயரை நானே பிடுங்கி வைத்திருந்தேன். ஆனாலும் அதன் விசிறி சுற்றியது... விர்ர்ர்...

மறுபடி மேலே போகவில்லை. திட்டு வாங்கப் பயம், வேறு காரணமில்லை. அழித்தேன். அழித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

புதன், 3:17.

விர்ர்ர்...

வரி வந்தது.

இந்த முறை 199 விடைகள்தான். எல்லாம் சரி. 41-க்கு நேரே... காலி.

அப்பாடா என்றிருந்தது. பரீட்சை அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வியாழன் காலை டாக்டரம்மா என் அறை வாசலில் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. 41-ஆம் எண், முப்பத்து நான்கு வயதுப் பெண். நேற்று அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். வீக்கம் வெடித்துவிட்டது. மதியம் மூன்று மணிக்கு உயிர் போய்விட்டது.

"போறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு ஒண்ணு சொன்னா... 'கீழ் ரூம்ல இருக்கறவர்கிட்ட ரெண்டு தடவ சொன்னேன். ரெண்டு தடவையும் அழிச்சிட்டார்'னு."

டாக்டரம்மா என்னையே பார்த்தார்.

"நீங்க எத அழிச்சீங்க, தம்பி?"