மல்லாந்து படுத்து எடுத்த படம்

பெர்மாஸ் ஜெயாவில் புதிதாகத் திறந்த கட்டடத்துக்குள் நுழைந்ததும் விண்கலத்துக்குள் வந்துவிட்டதுபோல இருந்தது. வளையம் வளையமாக உயர்ந்து போன கூரை முழுவதையும் கைப்பேசியில் எடுக்க, தரையிலேயே மல்லாந்து படுத்துவிட்டேன்.

"ஐயோ, அக்கா மயங்கிட்டாங்க!" என்று காவலாளிப் பெண் ஓடிவந்தார். வெட்கத்தில் நானும் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் தலையை மடியில் வைத்து விசிறினார். தனக்கு வாங்கி வைத்திருந்த தேநீரை எனக்குப் புகட்ட வந்தபோது, அதற்கு மேல் நடிக்க முடியவில்லை.

"மன்னிச்சிருங்க, படம் எடுக்கத்தான் படுத்தேன்."

அவர் முறைத்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார்.

"அலமாக்! தினமும் இங்கதான் நிக்கிறேன், மேல பார்த்ததே இல்ல லா!" என்று என் பக்கத்திலேயே படுத்துவிட்டார்.

இருவரும் சிரித்த சிரிப்பில் கை ஆடி, படம் கலங்கிப்போனது. துல்லியமான படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. ஆனாலும் பிறருக்குக் காட்டத் தோன்றுவது அந்த ஒன்றைத்தான்.