பால் மருந்தும் தண்ணி மருந்தும்

அம்சவள்ளிக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று கிடையாது. எண்பத்தேழாம் வருஷத்து மறியலில் போனது. உடைத்தது போலீஸ் இல்லை, புருஷனின் அண்ணன் கொளஞ்சியப்பன்.

புருஷன் ராஜாங்கம் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்பு இறக்குகிறவன். முப்பது வயதில் சர்க்கரை வியாதியால் துரும்பாக இளைத்துப் போனவனைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். அம்சவள்ளி ஊசி போடக் கற்றுக்கொண்டாள். மருந்து கெடாமலிருக்க ஈரமணல் பானைக்குள் இரண்டு புட்டி இருக்கும். ஒன்று தண்ணீர் மாதிரி தெளிவானது. போட்ட அரை மணியில் ரத்தத்துச் சர்க்கரையை மளமளவென்று இறக்கும். இன்னொன்று பால் மாதிரி கலங்கலானது. மெதுவாக வேலை செய்து நாள் முழுக்கத் தாங்கும். காலையில் தண்ணி மருந்து கொஞ்சம், பால் மருந்து நிறைய.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியதும் ரோட்டை மறிக்கச் சாலையோரப் புளியமரங்களை வரிசையாக வெட்டிச் சாய்த்தார்கள். பஸ் எரிந்தது. தடியடியில் மண்டை உடைந்தவர்களைக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். அந்த நேரம் பார்த்துப் பால் மருந்து தீர்ந்தது.

மருந்து குறைந்தால் பழையபடி உருகிவிடுவான் என்று அம்சவள்ளிக்குப் பயம். இரண்டும் சர்க்கரைக்குத்தானே? பால் மருந்தின் அளவுக்கும் தண்ணி மருந்தையே இழுத்துப் போட்டுவிட்டாள். ராஜாங்கம் கூழைக் குடித்துவிட்டு, அண்ணன் மரம் வெட்டிக்கொண்டிருந்த ரோட்டுக்குப் போனான்.

நாள் முழுக்கப் பிரித்துச் செய்யவேண்டியதை மருந்து ஒரே மூச்சில் செய்தது. சட்டை வியர்வையில் ஒட்டியது. கால் பின்னியது, நாக்கு குழறியது, புத்தி பேதலித்தது.

"காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டான்டா" என்று சிரித்தான் கூட மரம் வெட்டிய அய்யப்பன். அவன் கோடரியையே பிடுங்கி வீசினான் ராஜாங்கம். அய்யப்பனின் தோள் பிளந்தது. சுற்றி நின்றவர்கள் ராஜாங்கத்தைக் கட்டையால் அடித்துச் சாய்த்தார்கள். கொளஞ்சியப்பன் தம்பி மேல் விழுந்து மறைத்து, மிச்ச அடியைத் தன் முதுகில் வாங்கினான்.

"உன் வூட்டுக்காரன் குடிச்சிட்டு ஆள வெட்டிட்டான்" என்று சேதி வந்தது. குடிக்காதவன். காலையில் என்ன செய்தோம் என்பது அம்சவள்ளிக்கு உறைத்தது. வெல்லத்தை மடியில் கட்டிக்கொண்டு ஓடினாள்.

ராஜாங்கத்துக்குக் கண் செருகியிருந்தது. வெல்லத்தை எடுத்ததுமே கொளஞ்சியப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இன்னாடி பண்ற? சக்கர வியாதிக்காரனுக்கு வெல்லமா? கொல்லப் பாக்கிறியா?"

"சக்கர எறங்கிப்போச்சி மாமா, கைய வுடுங்க!"

விடவில்லை. கடித்தாள். அவன் விட்ட குத்தில் பல் மண்ணில் விழுந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, புருஷனை ஒருக்களித்துப் புரட்டி, வெல்லத்தைக் குழைத்துக் கன்னத்தின் உட்புறம் தேய்த்தாள். அவன் அவள் விரலைக் கடித்தான். அவள் கையை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ராஜாங்கம் கண் விழித்து, "ஏன்டி வாயெல்லாம் ரத்தம்?" என்றான்.

"உங்கண்ணனக் கேளு. மொதல்ல இதத் தின்னு."

மருந்தின் வேகம் அடங்கும்வரை வெல்லமும் கஞ்சியுமாக ஊட்டிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் அய்யப்பனின் சொந்தக்காரர்கள் தடியோடு வந்தார்கள். கூரையைப் பிய்த்தார்கள். மணல் பானையை எட்டி உதைத்தார்கள். மிச்சமிருந்த தண்ணி மருந்தும் தரையில் போயிற்று. இனி ஊசியே இல்லை. உருகிப்போவான் என்ற பயம் நிஜமாகிவிட்டது.

கொளஞ்சியப்பன் கடிபட்ட கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, விடிந்ததும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளை எடுத்தான். திரும்பி வந்தபோது மூச்சு இரைத்தது.

"ஒவ்வொரு மரத்துக்கும் சைக்கிளத் தோள்ல தூக்கினு தாண்டுனேன். பாவிப் பசங்க, நல்லாத்தான் வெட்டியிருக்கானுங்க."

இரண்டு புட்டிகளை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்தான். அம்சவள்ளி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்று தெளிவு, ஒன்று கலங்கல்.

"ஒரு ஆளு ஒடம்புக்கு எதுக்கும்மா ரெண்டு?" என்றான், தரையைப் பார்த்தபடி.

"குந்துங்க மாமா, சொல்றேன்" என்றாள். வீங்கிய உதட்டோடு வார்த்தை சரியாக வரவில்லை. ஊசியைக் கொதிக்க வைக்க அடுப்பை மூட்டினாள்.