தனபால் சாரின் ஒற்றைக் கிளிக்

“ஏனுங்க அம்மணி, இந்த மௌஸுக்குப் பேய் பிடிச்சிருச்சுங்க.”

“என்ன பண்ணுதுங்க சார்?”

“நான் கெழக்கே போகச் சொன்னா அது வடக்கே போகுதுங்க.”

“வேற மௌஸ் மாட்டிப் பாத்தரலாங்க. அதுலயும் இப்படியே வந்தா கம்ப்யூட்டர்ல கோளாறு. வரலைன்னா மௌஸ்ல.”

“வேற வேண்டாங்க. இது என்ற கைக்குப் பழகினது.”

“மாத்தறதுக்கு இல்லீங்க சார், சோதிக்கறதுக்குத்தான்.”

“நான் வேண்டாம்னா வேண்டாந்தானுங்க. ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு இன்னும் யாரும் சொல்லலையாட்ட இருக்குது.”

அப்போது மேசை மேல் இருந்த அவருடைய போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

“எடுங்க சார், நான் அப்புறமா வாரேன்.”

“எங்கண்ணனுங்க. எடுக்கறதில்லை.”

“ஏதாச்சும் அவசரமா இருக்கப் போகுதுங்க.”

“எங்கம்மா செத்ததைவிடவா? அன்னைக்கே எரிச்சுப்போட்டுத்தான் எனக்குச் சொன்னாரு. இனி என்னங்க அவசரம்.”

நான் மௌஸைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் வெளிச்சம் வரும் துளையில் ஒரு முடி கிடந்தது. ஊதிக் கொடுத்தேன்.

“பேய் போயிருச்சுங்க சார்.”

“அது பேய் இல்லீங்க, என்ற முடி. தலையில மிச்சம் இருந்த ஒண்ணும் போயிருச்சு.”

கோவையில், கணபதிப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் நான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்த புதிது அது. தனபால் சார் அங்கே இருபத்தேழு வருடமாக வரைபடம் போடுகிறவர். சொந்த ஊர் வெள்ளகோவில். அப்பா சீக்கிரமே போய்விட, அண்ணன் நஞ்சுண்டன் எட்டாவதோடு பள்ளியை விட்டுக் காடு கழனியைப் பார்த்தார். தம்பியைப் பாலிடெக்னிக்கில் படிக்க வைத்தார். முதல் நாள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கோவைக்குக் கூட்டிவந்ததும் அவர்தான். இதையெல்லாம் தனபால் சார் சொன்னதில்லை. அவர் மனைவி சாந்தாமணி அக்கா சொன்னது. அம்மா இறந்தபோது மழை, போன் லைன் இல்லை என்று அண்ணன் சொன்னார். தம்பி நம்பவில்லை. ஆறு வருடம் பேச்சே இல்லை.

போன வருடம் தனபால் சாருக்கு நரம்பு நோய் வந்தது. முதலில் கால், பிறகு இடது கை. பேச்சும் குழற ஆரம்பித்தபோது, பேச்சே நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அக்காவும் நானும் டாக்டரிடம் கேட்டோம். கண்ணைச் சிமிட்டிக் காட்டலாம் என்றார். தனபால் சார் ஒத்துக்கொள்ளவில்லை.

“வர்ற பொம்பளைங்களைப் பாத்தெல்லாம் நான் கண்ணடிக்கவாங்க? இருக்கற மானமும் போயிரும்.”

வலது ஆள்காட்டி விரல் கடைசிவரை கொஞ்சம் அசையும் என்று டாக்டர் சொன்னார். அதை வைத்து ஒரு பழைய லேப்டாப்பில் சின்ன புரோகிராம் எழுதினேன். மௌஸை ஒரு முறை அமுக்கினால் ‘சரிங்க’ என்று பச்சை எழுத்து வரும். இரண்டு முறை அமுக்கினால் ‘வேண்டாங்க’ என்று சிவப்பு எழுத்து. அவர் விரல் மெதுவாகத்தான் எழும்பும் என்பதால், இரண்டாவது கிளிக்குக்கு இரண்டு நொடிவரை காத்திருக்கும்படி வைத்தேன். எழுத்தோடு சத்தமும் வந்தது, என் குரலில். கைக்குப் பழகியது என்று அவருடைய ஆபீஸ் மௌஸையே கேட்டு வாங்கிவந்து மாட்டினேன்.

“இவரு என்னைக்குக் கண்ணு எனக்கு ‘ங்க’ போட்டாரு? முப்பது வருசம் கழிச்சு இப்பத்தான் மரியாதை வருது,” என்று அக்கா சிரித்தார்.

பேச்சு நின்ற பிறகு நாலு மாதம் அது நன்றாக ஓடியது. பிறகு சார் எதற்கெடுத்தாலும் வேண்டாங்க என்றார். டிவி போடட்டுமா, வேண்டாங்க. கதவைத் திறந்து வைக்கட்டுமா, வேண்டாங்க. எப்போதாவதுதான் சரிங்க வந்தது. மனசு வெறுத்துப்போச்சு என்று அக்கா அழுதார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சார் வீட்டுக்குப் போயிருந்தபோது நஞ்சுண்டன் வந்தார். அக்காதான் வரச் சொல்லியிருந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, படியைத் தாண்டாமல் நின்றார்.

“கேட்டுப்போட்டு உள்ள வாரனுங்க. அவனுக்குப் புடிக்காம வந்து நிக்கக் கூடாது.”

அக்கா கட்டிலருகே குனிந்தார். “பெரிய மாமா வந்திருக்காருங்க. உள்ள வரச் சொல்லட்டுங்களா?”

வேண்டாங்க, என்றது என் குரல்.

“இத்தனை தூரம் வந்திருக்காரு. இன்னொருக்கா யோசிச்சுச் சொல்லுங்க.”

வேண்டாங்க.

மூன்றாவது முறை அக்கா கேட்கவில்லை. சாரே தானாக அமுக்கினார். வேண்டாங்க. கண்ணை மூடி மூடித் திறந்தார். தண்ணீர் வழிந்தது. கண் எப்போதும் வடிந்துகொண்டிருந்ததால் அக்கா துண்டால் ஒற்றிவிட்டார்.

வாசலில் இருந்தவருக்குச் சிவப்பு எழுத்து தெரிந்தது. “ஒருக்காச் சொன்னா எனக்குப் புரியாதாடா,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார். தேங்காய்ப் பையைப் படியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை சாருக்கு நெஞ்சில் சளி கட்டியது. வெள்ளிக்கிழமை விடியும்போது போய்விட்டார்.

நஞ்சுண்டன் வந்தார். தெருமுனையில் வேப்பமரத்தடியில் நின்றார். வாய்க்கரிசி போட இரண்டு பேர் போய்க் கூப்பிட்டார்கள். “உசுரோட இருக்கறப்ப வேண்டாம்னவன். இப்ப அவனால சொல்ல முடியாதுன்னு நான் கிட்டப் போகக் கூடாதுங்க,” என்றார். வண்டி கிளம்பும்வரை அங்கேயே நின்றார்.

காரியம் முடிந்த பிறகு லேப்டாப்பை எடுத்துவரப் போனேன். மூடுவதற்கு முன் மௌஸை ஒரு முறை அமுக்கினேன். வேண்டாங்க என்றது. மறுபடியும் ஒரே ஒரு முறை அமுக்கினேன். வேண்டாங்க.

என் அறைக்குத் திரும்பி, கிளிக்குகளை எண்ணிக் காட்டும் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து நூறு முறை அமுக்கினேன். எண்பத்து மூன்று முறை ஒன்று இரண்டாக விழுந்தது. பொத்தானுக்கு அடியில் இருக்கும் தகடு தேய்ந்தால், ஒரு முறை அமுக்கும்போது இரண்டு முறை தொட்டுவிடும். ஆபீசில் இதை வாரம் ஒன்று பார்க்கிறேன். யார் கூப்பிட்டாலும் முதலில் வேறு மௌஸ் மாட்டிப் பார்ப்பேன். இவர் வீட்டில் அதைச் செய்யவில்லை. வேண்டாம் என்பது அவர் சொல்லக்கூடிய பதில்தான் என்பதால், எனக்குச் சந்தேகமே வரவில்லை.

என் புரோகிராம் ஒவ்வொரு கிளிக்கின் நேரத்தையும் பதிந்து வைத்திருந்தது. முதல் மாதங்களில் அவர் உண்மையாகவே வேண்டாம் என்றபோது, இரண்டு கிளிக்குக்கும் நடுவே ஒரு நொடிக்கு மேல் ஆகியிருக்கிறது. அவர் விரலுக்கு அவ்வளவு நேரம் வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று முறையும் இடைவெளி நாற்பது மில்லி செகண்ட். கண் சிமிட்டும் நேரத்துக்குள் அடங்கிவிடும். அந்த விரலால் அது முடியவே முடியாது. மூன்று முறையும் அவர் ஒரு தடவைதான் அமுக்கியிருக்கிறார்.

அக்காவிடம் சொன்னேன். “மாமாவுக்குச் சொல்லீரு கண்ணு,” என்றார்.

லேப்டாப்போடு வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினேன். எண்களைக் காட்டினால் புரியாது என்று மௌஸையே நஞ்சுண்டனிடம் கொடுத்தேன்.

“ஒருக்கா அமுக்குங்க.”

அமுக்கினார். திரை சிவந்தது.

“நான் ஒருக்காத்தானுங்களே அமுக்குனேன்?”

“சாரும் ஒருக்காத்தானுங்க அமுக்கினாரு. மூணு தடவையும்.”

அவர் என்னைத் திட்டவில்லை. மறுபடி அமுக்கினார், மறுபடியும். ஏழோ எட்டோ தடவைக்குப் பிறகு பச்சை வந்தது. என்ன சொல்லுச்சு என்று கேட்டு, லேப்டாப்பின் மேல் காதை வைத்தார்.

குரலைப் பதிந்த நாளில், எனக்குக் கூச்சமாக இருந்ததால் இரண்டு சொல்லையும் முணுமுணுத்துவிட்டு முடித்துக்கொண்டேன். தனபால் சார் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். குழறும் நாக்கோடு ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னார். சத்தம் பத்தவில்லை என்று மட்டும் அன்று எடுத்துக்கொண்டு, இன்னொரு முறை பதிந்தேன்.

“‘சரிங்க’ங்கறதை மட்டும் சித்தெ சத்தமாச் சொல்லுங்க அம்மணி. எங்கண்ணன் வந்தா, அவருக்குக் காது செரியாக் கேக்காதுங்க.”