அண்ணையின் அணிக்கு என் வாக்கு

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தையும் கல்லூரி என்றுதான் சொல்லுவோம். படித்து முடித்து, கடல் தாண்டி வந்து, முழங்கால் வலிக்கு மாத்திரை போடுகிற வயதிலும் எங்கள் ஆண்களை அந்தக் கல்லூரி விடுவதில்லை. லண்டன் எட்மண்டனில் எங்கள் வீட்டுக்கு வருகிற எவரும் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் எந்தக் கல்லூரி என்று சொல்லியாக வேண்டும். கேட்பவர் என் கணவர். பதில் அவருக்குப் பிடிக்காவிட்டால் இரண்டாவது தேத்தண்ணீர் கிடையாது.

2009 இலையுதிர் காலத்தில் ஒரு தமிழ் இணையத்தளம் வாக்கெடுப்பு ஒன்று வைத்தது. எங்கள் கல்லூரிகளின் உதைபந்தாட்ட அணிகளில் எக்காலத்துக்கும் சிறந்தது எது? ஒரு கணினியிலிருந்து நாளுக்கு ஒரு வாக்குப் போடலாம். சுற்றுச் சுற்றாகக் கழித்துக்கொண்டு வந்ததில் இரண்டு அணிகள் மிஞ்சின. ஒன்று என் கணவர் ஆடிய அணி. மற்றது என் அண்ணை கோல்கீப்பராக நின்ற அணி. ஒரே காலத்து அணிகள், ஒரே வீதியின் இரண்டு பக்கத்துக் கல்லூரிகள்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். இரண்டு கல்லூரிகளும் மோதிய ஒரு இறுதி ஆட்டத்தில் கடைசியாக ஒரு பெனால்டி கிடைத்தது. அடித்தவர் என் கணவர். பாய்ந்து பிடித்தவர் அண்ணை. சில வருடங்களுக்குப் பிறகு எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, "இவர் நல்ல பெடியன், அடிக்கத்தான் தெரியாது" என்று வீட்டில் பரிந்து பேசியவரும் அண்ணைதான். என் கணவர் அந்த வசனத்தை இன்னும் மன்னிக்கவில்லை.

வாக்கெடுப்பு தொடங்கியதும் எங்கள் வீடு தேர்தல் அலுவலகமாகிவிட்டது. கனடாவுக்கும் பாரிசுக்கும் தொலைபேசி பறந்தது. விம்பிள்டன் கோயிலில் பூசை முடிந்து சனம் பிரசாதத்துக்கு நிற்கும்போது, இவர் வரிசையில் ஒவ்வொருவராகப் பிடித்து வாக்குக் கேட்டார். ஈஸ்ட் ஹாமில் மரக்கறி வாங்கப் போனவர் கடைக்காரரின் கணினியில் வாக்குப் போட்டுவிட்டு, வெண்டிக்காயை மறந்து வந்தார்.

"நீர் வேலை செய்யிற இடத்திலையும் கம்பியூட்டர் இருக்குதுதானே? அங்கையிருந்தும் ஒண்டு போடும்" என்றார் என்னிடம்.

"போடுறன்" என்றேன். எதற்குப் போடுவேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியிருக்காது. கலியாணம் கட்டினால் மனைவிக்கும் கணவனின் கல்லூரிதான் என்பது எங்கள் ஆட்களின் எழுதாத சட்டம்.

இந்த விசர்க்கூத்தை நான் முதலில் எரிச்சலோடுதான் பார்த்தேன். அந்த வருடம் வைகாசியில் ஊரில் போர் முடிந்திருந்தது. வசந்தம் முழுக்கப் பாராளுமன்றத்துக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்திய சனம் நாங்கள். ஒன்றையும் நிறுத்த முடியவில்லை. ஆறு மாதம் போவதற்குள் பந்தடிக்கு வாக்குக் கேட்கிறார்களே என்று வந்தது கோபம். பிறகுதான் மெல்ல விளங்கியது. அந்த வருடம் எங்கள் ஆட்களால் எதிலாவது வெல்ல முடியுமென்றால், அது இது ஒன்றில்தான். பாவம், அதையாவது செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் எனக்கும் ஒரு தேவை இருந்தது. அண்ணை கடைசிச் சண்டை நடந்த வன்னியில் இருந்தவர். சித்திரைக்குப் பிறகு அவரிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. ஊரிலுள்ளவர்களை விட்டு முகாம்களில் தேடினோம், ஆஸ்பத்திரிகளில் விசாரித்தோம். இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. இதில் என்னை அதிகம் வதைத்தது என்னவென்றால், அவருடைய பெயரை என் முன்னால் சொல்வதையே எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். நான் வந்தால் பேச்சை மாற்றினார்கள். வென்ற அணியின் வீரர்களை மார்கழி ஒன்றுகூடலில் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்துக் கேடயம் கொடுத்துக் கௌரவிப்பதாக அந்த இணையத்தளம் அறிவித்திருந்தது. மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் அண்ணையின் பெயரை யாராவது ஒருமுறை உரத்துச் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆகவே நானும் தொலைபேசியை எடுத்தேன். என்னைப்போல, அண்ணன் தம்பிமார் அண்ணையின் கல்லூரியில் படித்திருக்க, வீதியின் மறுபக்கத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் லண்டனில் நிறைய இருந்தார்கள். "கதையை வெளியாலை விடாதையுங்கோ" என்று மட்டும் சொன்னேன். சொல்லியே இருக்கத் தேவையில்லை. கணவன்மார் வீட்டுக்கு வீடு வாக்கைக் கூட்டி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். கூட்டலில் மனைவிமாரையும் சேர்த்துவிட்டார்கள்.

அண்ணையின் அணி வென்றது. இவர் தன் வாக்குக் கணக்கை மறுபடி கூட்டிப் பார்த்தார். "எங்கையோ பிழைச்சுப் போச்சு" என்றார். நான் அடுப்படியில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றுகூடலுக்குச் சில நாட்களுக்கு முன் ஏற்பாட்டாளர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். என்னைவிட இளையவர். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் திணறினார்.

"அக்கா, குறை நினையாதையுங்கோ. காலமானவையின்ரை பேர் வரேக்கை எல்லாரும் எழும்பி நிக்கிறதெண்டு முடிவு. மற்றவைக்குக் கைதட்டுறது. அண்ணைக்கு... நாங்கள் என்ன செய்யிறது?"

வென்றால் இந்தக் கேள்வி வரும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

"எனக்குத் தெரியாது தம்பி" என்றேன். "நீங்கள் பேரை வாசியுங்கோ. நான் வந்து வாங்கிறன்."

மண்டபத்துக்கு இவரும் வந்தார். தோற்ற கல்லூரியின் ரையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பின்வரிசையில் போய் இருந்தார். மேடையில் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள். சிலருக்குச் சனம் எழும்பி நின்றது. சிலருக்குக் கைதட்டியது. முறைப்படி கோல்கீப்பரின் பெயர்தான் முதலில் வரவேண்டும். அவர்கள் அதைக் கடைசிக்குத் தள்ளியிருந்தார்கள்.

அண்ணையின் பெயர் ஒலிபெருக்கியில் கேட்டது. நான் எழுந்து நடந்தேன். பின்னால் நாற்காலிகள் தரையில் உராயும் சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். முன்வரிசையில் சிலர் எழும்பிவிட்டார்கள். வேறு சிலர் பாதி எழும்பி, பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்தார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அந்தப் பெயரைக் கேட்க ஆசைப்பட்ட என்னையே நான் வெறுத்தேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு ஆள். இவர்தான். கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டு, எழும்பியவர்களை முறைத்துப் பார்த்தபடி தட்டிக்கொண்டிருந்தார். எழும்பியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பவும் உட்கார்ந்தார்கள். பிறகு மண்டபம் முழுக்கத் தட்டியது. நான் போய் அந்தக் கேடயத்தை வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் அதை என் கையிலிருந்து வாங்கினார். அண்ணையின் கல்லூரியின் நிறத்தில் ஒரு துவாய்கூட வீட்டுக்குள் வர விடாத மனிதர், தொலைக்காட்சிக்கு மேலே இடம் ஒதுக்கி அதை நேராக்கி வைத்தார்.

"தூசி படிய விடாதையும்" என்றார். "மச்சான் வந்து பாத்தானெண்டால் ஏசுவான்."

அண்ணை இன்னும் வரவில்லை. கேடயத்தை ஒவ்வொரு ஞாயிறும் துடைப்பவர் இவர்தான்.